கண்ணாடியிடம் கேட்ட டிரான்ஸ்பர்

என் சர்வீஸில் என்மேல் விசாரணை வந்தது ஒரே தடவைதான். அதற்குக் காரணம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. புதிதாக வேலைக்கு வரும் செவிலியர் தங்கைகளுக்கு உதவுமே என்று எழுதிவைக்கிறேன்.

1. பயிற்சி

ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் நான் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிரஷர் மாத்திரை எல்லாம் என் தலையில். சென்டரை ஒட்டியே குவார்ட்டர்ஸ். வீடு வாணியம்பாடியில். ஆலங்காயத்தில் பஸ் மாறி, வாரக் கடைசியில் வீடு போய்ச் சேர்ந்தால் கணவர் வைத்த, பருப்பு வேகாத சாம்பார் காத்திருக்கும். அதைச் சாப்பிட்டவர் யாராக இருந்தாலும், வீட்டோடு இருந்து தானே சமைக்க டிரான்ஸ்பர் கேட்கத்தான் செய்வார்கள்.

ஒரு சமயம் எங்களையெல்லாம் கூட்டி வைத்துத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்தார்கள். கோட் போட்ட பயிற்சியாளர் ஒருவர், உங்களுக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவர் மதியச் சாப்பாடு என்றார். நான் வாணியம்பாடிக்கு டிரான்ஸ்பர் என்றேன். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, கண்ணாடி முன் நின்று அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், சிரித்த முகத்தோடு வேலையில் சிறந்து விளங்குங்கள், பிரபஞ்சம் தானாகக் கொடுக்கும் என்றார். நான் நம்பிவிட்டேன்.

2. பழக்கம்

குவார்ட்டர்ஸில் கண்ணாடி மாட்ட ஆணி இருந்தது ஜன்னல் பக்கம் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே புளியமரம். விடியற்காலையில் பால் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். "எனக்கு வாணியம்பாடிக்கு டிரான்ஸ்பர் வேணும்" என்று அடிவயிற்றிலிருந்து சொன்னேன். வெளியே பேச்சு நின்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு எழுந்துவிட்டு ஒன்பது வரை என்ன செய்வது? சென்டரைத் திறந்து வைத்தேன். நான் திறப்பதற்குள் காட்டு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் இப்போது போகிற வழியில் பிரஷர் பார்த்துக்கொண்டு போனார்கள். என் சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் முதலில் பயந்தார்கள். நர்சம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று எதிர்வீட்டுக் குப்பம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். போகப் போக அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்கும்தான்.

3. விசாரணை

ஒரு நாள் ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார். ஊரே கூடி நின்றது. ஊர்த்தலைவர் வெள்ளையன் கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"மேடம், இவங்க வேன் வெச்சுக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டாங்க. உங்கள உடனே மாத்தணுமாம். ஏன்னு கேட்டா, அத நர்சம்மாகிட்டயே கேளுங்கன்றாங்க. என்ன தப்பு பண்ணீங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தை ஊசி போட்டால் கடிக்கும், எந்தக் கிழவர் மாத்திரையைக் கோழிக்குப் போடுகிறார் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசியில் சொன்னதுதான் எனக்கே புதிது.

"குப்பம்மா மருமகளுக்கு இந்த மாசம் பிரசவம் சார். ரத்தம் கம்மி. நான் எங்கயும் போகமாட்டேன்."

அதிகாரி கையில் இருந்த தாளைப் பார்த்தார். வாணியம்பாடி பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததாம், ஆர்டரே போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம்.

வெள்ளையன் முகம் விழுந்துவிட்டது. "இன்னா நர்சம்மா இப்டி சொல்றீங்க? நீங்கதான தெனம் காலைல கண்ணாடிகிட்ட கேட்டுனு இருந்தீங்க? அது இன்னா பண்ணும், பாவம். அதான் நாங்களே போய் கேட்டோம்."

குப்பம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போறதுல எங்களுக்கு மட்டும் இஷ்டமா? ஆசப்பட்டு கேக்குறீங்களேன்னுதான்."

என்னை அனுப்ப மனமில்லாதவர்கள், எனக்காக மலை இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஆர்டர் வேண்டாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். ஜீப் ஏறும்வரை அவர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார். கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர், "அப்ப சாம்பாருக்குப் பருப்ப எத்தன விசில் விடணும்னாவது சொல்லு" என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்குக் கண்ணாடி முன் நின்றேன். சொல்ல ஒன்றும் இல்லை. புளியமரத்தடியிலிருந்து வெள்ளையன் குரல் வந்தது. "இன்னா நர்சம்மா, இன்னிக்கு ஒண்ணும் கேக்கலியா?"

யோசித்தேன். பிறகு ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன். "ஆம்புலன்ஸ் சென்டர் வாசல் வரைக்கும் வர்ற மாதிரி ரோடு வேணும்."

வேன்காரர் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று வெளியே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தங்கைகளே, உங்களுக்கு வேண்டியதை வாய்விட்டே சொல்லுங்கள். ஆனால் அது உண்மையிலேயே வேண்டுமா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.