இடது பக்கம் திரும்பும்போது

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லை, என் கணவர்தான். எஸ்டேட்டின் செம்மண் பாதை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் ஸ்டியரிங்கை இடது பக்கமாக முழுதும் ஒடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏதோ பேசிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தித் தலையைச் சாய்த்தார்.

“என்னா சத்தம் அது?”

“என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலயே.”

“கிர்ருன்னுச்சு. அப்பறம் டொக்குன்னு ஒண்ணு.”

“கல்லு ஏதாச்சும் பட்டிருக்கும்லா.”

“கல்லு பட்டா எப்படிச் சத்தம் வரும்னு எனக்குத் தெரியாதா?” என்றார்.

அவருக்குத் தெரியும்தான். லாபு பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணை வாங்கிக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தை. இப்போது எதிரே நிற்பது மனிதனா மரமா என்று நிழலை வைத்துத்தான் சொல்வார். அவர் ஓட்ட முடியாமல் போன பிறகுதான், நாற்பத்தேழு வயதில் நான் ஓட்டப் பழகினேன். மூன்றாவது முறையில் லைசென்ஸ் கிடைத்தது. பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவரைச் சிரம்பான் டவுனிலுள்ள ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். மற்ற நாட்களில் அதே காரில் தனியாகச் செண்டாயானுக்குப் போய் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்ப்பேன். எங்கள் வீடு இன்னும் எஸ்டேட்டுக்குள்தான் இருக்கிறது. பஸ் வராது. செயலியில் வாடகைக் கார் கூப்பிட்டாலும் அந்தச் செம்மண் பாதைக்குள் வர யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஓட்டுநராக இருந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுவது சுலபமில்லை. கியரை ஏன் இன்னும் மாற்றவில்லை, பிரேக்கை ஏன் அப்படி மிதிக்கிறாய் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். சத்தத்தையும் அந்தப் பட்டியலில்தான் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் செண்டாயானுக்குப் போகும்போது வேண்டுமென்றே கண்ணாடியை இறக்கி, இடமும் வலமும் ஒடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்று மாலை அவரிடம் சொன்னேன்.

“நல்லாப் பாத்துட்டேன். ஒரு சத்தமும் இல்ல. உங்களுக்கு அப்படித் தோணுது.”

அவர் அன்று பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் எனக்கும் கேட்டது. அதே திருப்பத்தில், காய்ந்த கீலுள்ள கதவைத் திறப்பது போல ஓர் இழுப்பு, அதன் முடிவில் ஒரு டொக். ஸ்டியரிங் வழியாக உள்ளங்கை வரை வந்தது. கேட்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து திரும்பும் வழியில் ரஹாங்கில் இருந்த பட்டறைக்கு மட்டும் போனேன். கார் ரிப்பேர் செய்பவரை எங்கள் ஊரில் போர்மேன் என்றுதான் சொல்வோம். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் போர்மேன் காரைத் தூக்கிப் பார்த்தார். சக்கரத்துக்கு உள்ளே ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்திருப்பதைக் காட்டினார்.

“சக்கரத்தச் சுத்துற டிரைவ் ஷாஃப்டுக்கா. திரும்புறப்ப சத்தம் வந்தா இதுதான்.”

மாற்றினார். தானே ஓட்டிக்கொண்டு இரண்டு சுற்று போய்வந்தார். “சத்தமே இல்ல, எடுத்துட்டுப் போங்க” என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் மறுநாள் கணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அந்தத் திருப்பத்தில் ஒடித்தேன்.

கிர்ர்ர். டொக்.

நான் கை நீட்டி ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் பட்டறைக்குப் போனேன். போர்மேன் மீண்டும் ஓட்டிப் பார்த்தார். மீண்டும் சத்தம் வரவில்லை. “பழைய காருக்கா, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். நான் ஓட்டுனா வரலயே” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் கடையிலிருந்த மற்ற இருவர் என்னைப் பார்த்த பார்வையில் முகம் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும், என் கணவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார். காரில் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“எஞ்சின ஸ்டார்ட் பண்ணு. வண்டிய நகத்தாத. நின்ன எடத்துலயே திருப்பு.”

திருப்பினேன். கிர்ரென்றது.

“சக்கரமே உருளல. ஷாஃப்ட்டு சுத்துனாத்தானே கத்தும்? வேற எங்கயோ இருக்கு” என்றார்.

போர்மேனுக்குப் போன் செய்தேன். அப்படியானால் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரின் மேல்பக்கமாக இருக்கலாம், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் கிளம்பியபோது எஸ்டேட் பாதையிலுள்ள சின்னப் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தைரியமாகக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். பாதிச் சக்கரம் சேற்றுத் தண்ணீரில் முங்கியதும் பயந்துபோய்ப் பின்னால் எடுத்துவிட்டேன். அன்று சுத்திகரிப்பு நடக்கவில்லை. ஞாயிறு நிலையம் திறக்காது. திங்கட்கிழமை இடமில்லை. செவ்வாய் முன்னதாகவே வந்துவிடுங்கள், நடுவில் மூச்சு வாங்கினால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று போனில் தாதி சொன்னார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறவே இல்லை. திங்கட்கிழமை கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பட்டறைக்குப் போகும் எண்ணமே எனக்கு வரவில்லை. அவரைவிட்டு நகரப் பயமாக இருந்தது.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கார் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார். இருக்கையில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். நான் வேகமாகத்தான் ஓட்டினேன். பாலத்தைத் தாண்டி, இடது பக்கம் வளையும் இறக்கத்தில் ஒடித்தபோது சத்தம் வந்தது. இந்த முறை அது டொக் இல்லை. சுளுக்கிய எலும்பை யாரோ பிடித்துத் திருகியது போல நீண்டு, அறுந்த மாதிரி நின்றது.

“நிப்பாட்டு.”

“நேரமாச்சுங்க.”

“நிப்பாட்டுன்னு சொல்றேன்ல!”

“மூச்சு விடவே முடியல உங்களுக்கு. இப்பப் போயி காரப் பாக்கணுமா? மொதல்ல ஆளக் கொண்டுபோய்ச் சேக்குறேன்.”

நான் நிறுத்தவில்லை. இன்னும் ஐம்பது அடி போனேன். அதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஸ்டியரிங் என் கையில் ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. அப்போதுதான் பிரேக்கை மிதித்தேன்.

எஞ்சினை அணைக்காமலே கோபத்தோடு இறங்கிப் போய், வெளியே நின்று நீங்களே கேளுங்கள் என்று அவரையும் இறக்கி, காரின் பின்பக்கத்தில் சாய்ந்து நிற்க வைத்தேன். என் பக்கக் கண்ணாடி வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் இரண்டு முறை திருப்பினேன். இல்லை.

“பாருங்க! ஒண்ணும் இல்ல. ஏறுங்க, போவோம்.”

அவர் தடவித் தடவி மீண்டும் ஏறினார். அவர் உட்கார்ந்ததும் காரின் இடது பக்கம் இறங்கியது. சக்கரத்துக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி இரண்டு விரல் அளவு குறைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செண்டாயானுக்கு நான் தனியாகப் போனேன். போர்மேன் தனியாக ஓட்டினார். கத்துவதற்கு அந்த இரும்புக்கு இவருடைய பாரம் வேண்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

“அப்படியே இருங்க, எறங்காதீங்க. வலது கைய நீட்டி ஸ்டியரிங்கப் பிடிச்சுக்குங்க” என்றேன்.

இடது கையில்தான் சுத்திகரிப்புக்கு ஊசி போடும் ரத்தக்குழாய் இருந்தது. அதற்குப் பாரம் கொடுக்கக் கூடாது.

“என்னா செய்யப்போற?”

“கைய வெச்சுப் பாக்கப்போறேன்.”

கொஞ்சம் யோசித்தார். “ஹேண்ட்பிரேக் போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“சரி. மொதல்ல மேல, ஸ்பிரிங்குல வை.”

செம்மண்ணில் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்தேன். அவர் திருப்பினார். கிர்ரென்றது. ஸ்பிரிங் சும்மா இருந்தது.

“துடிக்குதா?”

“இல்ல.”

“அப்ப மேல இல்ல. கீழ வா. சக்கரத்துக்கு உள்ள ஒரு இரும்புக் கை நீட்டிட்டு இருக்கும். அது முடியுற எடத்துல குமிழ் மாதிரி ரப்பர் தெரியும். விரல நடுவுல குடுத்துறாத. மேலாப்ல தொடு.”

ரப்பர் கிழிந்து தொங்கியது. உள்ளே ஈரச் சேறு. அவர் திருப்பியதும் அந்த இழுப்பு என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஏறியது. பிறகு அந்தக் குமிழ் என் விரலுக்கு அடியில் ஒரு துள்ளு துள்ளியது. கையைப் பறித்துக்கொண்டேன்.

“இங்கதாங்க! குதிக்குது!”

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். “பால் ஜாயிண்ட். சக்கரத்தப் பிடிச்சிருக்கிறதே அதுதான். கழண்டா சக்கரம் படுத்துரும்.”

“மெதுவாப் போனா?” அப்போதும் நான் அப்படித்தான் கேட்டேன்.

“மெயின் ரோட்ல பின்னால லோரி வரும்மா. அவன் மெதுவா வர மாட்டான்.”

“உங்களுக்கு இன்னைக்குப் போயே ஆகணும்.”

“தெரியும்” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

செயலியில் கார் தேடினேன், ஒன்றும் வரவில்லை. எஸ்டேட் வரிசை வீடுகளில் கார் வைத்திருந்த இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட எண்களை அழுத்திக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து ஒரு வேன் ஏறி வந்தது. லாபு சாலை முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய். எஸ்டேட் ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுவருபவர். அவர் கடையில் நாங்கள் தேநீர் குடித்திருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். என் கணவரின் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“எங்கம்மா போகணும்?”

சொன்னேன்.

“ஏத்துங்க அண்ணன.”

“சாப்பாடு ஆறிடுமே பாய்?”

“ஆறட்டும்லா. சூடு பண்ணிக்குவாங்க.”

வேனில் முன்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். பின்னால் முழுக்கச் சாப்பாட்டுப் பாத்திரங்கள். காரையும் வளைவில் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. பெல்ட்டை மாட்டிவிட்டபோது என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“போர்மேன் வந்து ஜாக் வெச்சுத் தூக்கி ஆட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. பாரத்தோட வெச்சு நெம்பச் சொல்லு.”

“நீங்க பேசாமப் போங்க” என்றேன். வேன் வளைவில் மறையும்வரை நின்றேன்.

பிறகு போர்மேனுக்குப் போன் செய்துவிட்டு, செம்பனை மட்டைகள் இரண்டை இழுத்துவந்து, காருக்குப் பின்னால் பாதையில் போட்டேன். ஒரு குலை லோரி வந்து ஹோர்ன் அடித்து, ஓரமாக ஒதுங்கிப் போனது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடவில்லை. அவர் வழியில் மயங்கியிருப்பாரோ, கூடவே போயிருக்க வேண்டுமோ, இந்தக் கார் நாசமாகப் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டுமோ என்று மாறி மாறி நினைத்தேன். கடைசியில் தாதி பேசினார். வந்து சேர்ந்துவிட்டார், நாலரைக் கிலோ தண்ணீர் கூடியிருக்கிறது, இயந்திரத்தில் போட்டாயிற்று, பயப்பட வேண்டாம். அதைக் கேட்ட பிறகுதான் பாதையோரப் புல்லில் உட்கார்ந்தேன்.

போர்மேன் வந்ததும் ஜாக்கைத்தான் எடுத்தார். நான் தடுத்தேன்.

“மொதல்ல நான் இடது பக்கம் ஏறி உக்காந்துக்குறேன். நீங்க கம்பியப் போட்டு நெம்புங்க.”

அவர் தயங்கினார், ஆனாலும் செய்தார். நான் அவருடைய தலையின் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைதான் நெம்பினார். தலை நிமிர்ந்தது.

“அக்கா, மெதுவா எறங்குங்க.”

பிறகு காரை உயர்த்தி, கம்பியை மறுபடியும் வைத்து அழுத்தினார். துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று தன் குழியிலிருந்து நழுவி வெளியே வந்தது. சக்கரம் வெளிப்பக்கமாகச் சரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“நான் தனியா ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கக்கா.”

நானும் அதைத்தானே செய்தேன்? அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை.

அவர் பட்டறைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, அந்தப் பாதையோரத்திலேயே மாற்றினார். வலது பக்கத்தையும் பார்க்கச் சொன்னேன். அது நன்றாக இருக்கிறது என்றார். நான் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் சிரித்துவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். நெம்பிப் பார்த்தார். அதுவும் கொஞ்சம் ஆடியது. அதையும் மாற்றினார்.

மூன்று மணிக்குச் சிரம்பானில் அவரைக் கூப்பிடப் போனேன். சோர்ந்திருந்தார், ஆனால் வாயை மூடி மூச்சு விட்டார். காரில் ஏற்றிக் கிளம்பி, சிவப்பு விளக்கில் நின்றபோது உருண்டை கழன்று விழுந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“நீங்க சும்மா சொல்றீங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன்” என்றேன்.

அவர் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீ கேக்கலன்னு சொன்னப்ப எனக்கும் பயமாப் போச்சு. கண்ணு போச்சு, இப்பக் காதும் போகுதோன்னு” என்றார்.

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. விளக்கு பச்சையாகியிருந்தது.

“கியரப் போடு” என்றார்.