நான் நின்றால் காகம் இறங்காது

பிள்ளைகளா, மொட்டை மாடியில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு குருவிகூட வரவில்லை என்று இரண்டு நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறீர்கள். வாளிக்குள் குருவி எப்படி இறங்கும்? அதற்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். விரல்கடை ஆழம் போதும். பக்கத்தில் பூனை பதுங்க இடம் இருக்கக் கூடாது. முக்கியமாக, அரைமணிக்கு ஒரு தரம் நீங்கள் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பசுவந்தனைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிற கோடை அது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பறவைகள் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தன. உடைந்த பானையின் அடிப்பாகத்தைப் புறவாசல் வேப்பமரத்தடியில் வைத்து, நடுவில் ஒரு கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். காட்டில் பார்த்த கொண்டலாத்தி ஒன்று வந்து, விசிறி மாதிரி கொண்டையை விரித்துக் குளிக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

வந்தது காகம். குடித்துவிட்டுப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? எங்கிருந்தோ காய்ந்த கருவாட்டுத் தலையைத் தூக்கிவந்து என் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் போகும். நன்றாக ஊறியதும் வந்து தின்னும். மறுநாள் எலும்பு. அதற்கு மறுநாள் கொண்டுவந்தது எதனுடைய குடல் என்றே தெரியவில்லை. ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் காத்துக் கிடக்கிற காலத்தில் நான் தினம் மூன்று தரம் சட்டி கழுவினேன்.

“மனுசன் குளிச்சு மூணு நாளாச்சு. இவன் காக்காய்க்குக் கொழம்புச் சட்டி கழுவுதான்,” என்பாள் அம்மா.

நானும் விடவில்லை. மண்கட்டிகளைக் குவித்து வைத்துக்கொண்டு எறிந்தேன். சிலது பட்டது. மாதம் ஒன்று கழிவதற்குள் காகங்களுக்கு என் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. வேறு யார் வந்தாலும் அசையாது. நான் கதவைத் திறந்தால் போதும், ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு மரத்தின் உச்சிக்குப் போய்விடும். கீழே இறங்கவே இறங்காது. அம்மா அதையும் பயன்படுத்திக்கொண்டாள். வடகம் காயப்போட்டால் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். “ஒன் மூஞ்சி இருக்கும்போது கம்பு எதுக்குலே?” என்பாள். இவ்வளவு பாடுபட்டும் கொண்டலாத்தி மட்டும் வரவே இல்லை.

அப்பாவுக்கு முதல் வருஷத் திதி வந்தது. அப்பா போன பிறகு எங்களையும் தன் குடும்பத்தையும் சேர்த்துச் சுமந்தவர் சித்தப்பா. பள்ளிக்கூடம் திறக்கும்போது என்னைக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்குகிற வேலைக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்திருந்தார். விடியுமுன் வண்டி ஊருக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும். அம்மா இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். “எனக்கு மட்டும் ஆசையா மதினி?” என்று அவர் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. எனக்கோ, தினமும் வண்டியில் போகலாமே என்றுதான் இருந்தது.

படையல் முடிந்து, சோறு, பருப்பு, வடை, பாயசம் எல்லாம் எடுத்து ஒரு இலைத் துண்டில் புறவாசல் சுவர்மேல் வைத்தார்கள். காக்கை உருவில் அப்பா வந்து எடுத்தால்தான் நாங்கள் சாப்பிடலாம். உச்சி வெயில். சித்தப்பா தொண்டை வறளக் கூப்பிட்டார். வேப்பமரம் நிறையக் காகம். ஒன்றும் இறங்கவில்லை. எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பாவின் அக்காவான அத்தை ஆரம்பித்தாள். “தம்பி மனசுல என்ன கொறையோ? ஏதாவது வாக்குக் குடுலே.”

“கெணத்துல தூர் எடுத்துருதேண்ணே,” என்றார் சித்தப்பா, மரத்தைப் பார்த்து.

காகம் அசையவில்லை.

“ஒன் சைக்கிள விக்க மாட்டேன். தொடச்சு வைக்கேன்.”

அதற்கும் இல்லை. அடுத்தது குலசாமிக்குக் கிடாய். காகம் அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டது. சித்தப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நின்றார்.

“வேற என்னதாண்ணே வேணும்? சொல்லித் தொலையேன்.”

நான் எறிந்த கட்டி எத்தனை முறை அப்பாமேல் பட்டதோ. உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நகர்ந்தேன்.

“ஏலே, அங்கனயே நில்லு,” என்றாள் அம்மா. பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “பிள்ளைய நெனச்சுத்தான் அவிய எறங்காம இருக்காவளோ என்னமோ.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். “சரிண்ணே. இந்த வருசம் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பல.”

காகம் ஒரு கிளை தாழ இறங்கியது. நான் தும்மினேன். மறுபடி மேலே போய்விட்டது.

“ஒரு வருசம் பத்தாது போலயே,” என்றாள் அத்தை.

“எட்டாவது வரைக்கும் படிக்க வைக்கேன்.”

கால் சுட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“பத்து. பத்தாவது வரைக்கும் படிக்க வைக்கேன். இது ஒன்மேல சத்தியம். போதுமாண்ணே? பிள்ளைக பசியில சுருண்டு கெடக்கு.”

“நீ உள்ள போயி ஒரு செம்பு தண்ணி கொண்டாலே,” என்றாள் அம்மா என்னிடம்.

பானையில் செம்பை முக்கும்போதே வெளியே அத்தை பெருங்குரலெடுத்து அழுகிற சத்தம் கேட்டது. செம்போடு கதவடிக்கு வந்தேன். சுவரில் ஐந்தாறு காகங்கள், இலையையே இழுத்துக்கொண்டிருந்தன. அம்மா வாசலை மறித்து நின்று, திரும்பாமலே செம்பை வாங்கிக்கொண்டாள்.

சித்தப்பா இலையில் உட்கார்ந்தபோது, “இதுதான் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? கூட்டெல்லாம் ஆறிப்போச்சு,” என்று அண்ணனைத்தான் கோபித்தார். ஆனால் சொன்ன சொல் மாறவில்லை. பத்து வரைக்கும் படிக்க வைத்தார். அதற்கு மேல் ஒரு வகுப்பு இல்லை.

அம்மா எதற்காக என்னை அந்த வெயிலில் அவ்வளவு நேரம் நிறுத்தினாள், எதற்காகச் சரியாக அந்த நேரத்தில் தண்ணீருக்கு அனுப்பினாள் என்று எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. உறைத்தபின் ஒரு தரம் கேட்டேன். “வெயில்ல நிக்கியேன்னுதான் உள்ள அனுப்புனேன்,” என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா என்னைக் கண்டு பயந்தார் என்பது மட்டும்தான். சாப்பிட்டு எல்லோரும் கண் அசந்த பிறகு, என் இலையில் தின்னாமல் மிச்சம் வைத்திருந்த வடையை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். அதைச் சுவர்மேல் வைத்தேன். பிறகு மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.