கண் மூடிய போட்டோ

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம் அது. இடம், வேலூரில் வயதானவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவின் அறை. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறேன். அன்று அரை நாள் லீவு போட்டு, அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அம்மாவும் ஒரு காலத்தில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான். வாய் ஓயவே ஓயாது. ஆம்பூரில் பஸ் ஏறினால், வாணியம்பாடி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்பக் கதை முழுக்க அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனாள். நடை சுருங்கியது, குரல் தேய்ந்தது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாம் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம், அதற்குப் பிறகுதான் பதில் வரும். டிவி முன்னால் உட்கார வைத்தால் சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒரே முகம். பாத்ரூமில் ஒருமுறை விழுந்த பிறகு, இது மறதி நோய்தான் என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்துவிட்டான். பொங்கல் முடிந்ததும் அங்கே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரே ஒரு தடவை இந்த டாக்டரிடம் காட்டிவிடுகிறேன் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

உள்ளே போனதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அது டாக்டர் அறை மாதிரியே இல்லை. மேஜையில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் பெரிய கேமரா ஒன்று இருந்தது. சுவர் முழுக்க அவர் ஊர் ஊராகச் சுற்றி எடுத்த போட்டோக்கள். பனிமலை அடிவாரத்தில் பல்லில்லாமல் சிரிக்கும் ஒரு கிழவர், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் ஒரு அம்மா, இப்படி எல்லாமே வயதான முகங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நர்ஸ் வேறு சொல்லியிருந்தார். ஊர் சுற்றவே நேரம் போதாதவர் என் அம்மாவை எங்கே கவனிக்கப் போகிறார் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டேன்.

ஆனால் அவரிடம் அவசரம் என்பதே இல்லை. அம்மாவின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், எழுந்து நடக்கச் சொன்னார், பிறகு எதிரில் உட்கார்ந்து சும்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோயிருந்த தடிமனான ஃபைலைக் கடைசியில்தான் புரட்டினார். அதை மூடிவிட்டு, அம்மாவின் பர்ஸைத் திறந்து காட்டச் சொன்னார்.

"டாக்டருங்க எழுதினது ஃபைல்ல இருக்கும்மா. நிஜமா சாப்பிடறது பர்ஸ்லதான் இருக்கும்" என்றார்.

பர்ஸிலிருந்து பஸ் டிக்கெட், ஊக்கு, சாமி படம் எல்லாம் வந்தன. கூடவே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு மாத்திரை அட்டையும் வந்தது. கேஸ் மாத்திரை. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்ததை, காலி அட்டையைக் காட்டிக் காட்டி அம்மா மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கும் அது தெரியும். ஆனால் எந்த டாக்டரிடமும் நாங்கள் சொன்னதில்லை. சுகருக்கும் பிரஷருக்கும் போடுவதுதான் எங்கள் பக்கம் மாத்திரை. பிரியாணி ஊரில் கேஸ் மாத்திரை இல்லாத வீடு ஏது? அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த வகை மாத்திரை, வயதானவர்களில் சிலருக்கு மட்டும், உடம்பையும் முகத்தையும் இறுக்கிவிடுமாம். அப்படியென்றால் நிறுத்தினால் சரியாக வாய்ப்பு உண்டு. ஆனால் இதே மாதிரி இறுக்கும் நரம்பு வியாதி ஒன்றும் இருக்கிறது. அதுவாக இருந்தால் ஆயுசுக்கும் கூடவே வரும். எது என்று ஊகிக்க, முகம் மாறியது மாத்திரைக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிய வேண்டும். எப்போதிலிருந்து போடுகிறாள் என்று கேட்டதற்கு அம்மா நெடுநேரம் யோசித்து, அண்ணனின் புது வீட்டில் பால் காய்ச்சினோமே, அதற்குப் பிறகுதான் என்றாள்.

அன்றே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் வரும்போது, பால் காய்ச்சியதற்கு முன்னால் எடுத்த ஆல்பம் ஒன்றும் பின்னால் எடுத்தது ஒன்றும் கொண்டுவரச் சொன்னார். மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரைப் பார்த்திருக்கிறேன், கல்யாண ஆல்பம் கேட்கும் டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

முன்னால் எடுத்தது சுலபம். என் கல்யாண ஆல்பம் பீரோவிலேயே இருந்தது. பின்னால் எடுத்ததில்தான் சிக்கல். அண்ணன் புது வீடு குடிபோன பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரே விசேஷம், ஆலங்காயத்தில் இருக்கும் சின்னம்மா மகளின் கல்யாணம். அந்த ஆல்பத்தால்தான் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது.

நடந்தது இதுதான். மேடையில் மணமக்கள் பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவே இல்லை. அட்சதை போடக்கூடக் கையை ஒழுங்காகத் தூக்கவில்லை. பெண்ணின் பெரியம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள். ஆல்பம் வந்ததும் சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்துவிட்டுப் போனவள்தான். அம்மா பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆலங்காயம் போனேன். சின்னம்மா வா என்று சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"எம்பொண்ணு கல்யாணத்துல மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு மொறைச்சிக்கினு நின்னாங்களே உங்கம்மா, அத்த இன்னாத்துக்கு இப்ப டாக்டருகிட்ட காட்டணும்?"

எனக்கும் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் பொங்கலுக்குப் பிறகு அம்மா வீட்டில் இருப்பாளா இல்லத்தில் இருப்பாளா என்பது அந்த ஆல்பத்தில் இருக்கிறது. இல்லத்தில் விடப்போகிறோம் என்று சொன்னதும்தான் சின்னம்மா இறங்கி வந்தாள். கடைசியில், ஆல்பத்தை யாரிடமும் தர மாட்டேன், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.

சொன்னபடியே வந்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மாவைப் பார்த்ததும் அவள் நடை ஒரு நிமிடம் தயங்கியது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சின்னம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். என் கல்யாண ஆல்பத்தைக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம், அதில் அம்மா முக்கால்வாசிப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் அது பெரிய கேலி. வாய்விட்டுச் சிரிப்பாள், ஃப்ளாஷ் அடிக்கும்போது சரியாகக் கண்ணை மூடிவிடுவாள். தூங்கிக்கொண்டே பெண்ணைத் தாரை வார்த்தவள் என்று அப்பா இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புது வீட்டில் எடுத்த படங்கள் என் செல்லில் இருந்தன. அவற்றிலும் அதே கதைதான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சின்னம்மாவின் ஆல்பத்தைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து வந்தார். எங்கள் பக்கம் ஆல்பத்தைத் திருப்பி வைத்தார்.

"இதுல ஒரு படத்துலகூட இவங்க கண்ணு மூடல, பாருங்க. மனுஷங்க தானா சிமிட்டிக்கிட்டே இருப்பாங்க, போட்டோ எடுக்கற எங்களுக்கு அதான் தலைவலி. இவங்க யாரையும் முறைக்கல. சிமிட்டறதே கம்மியாகி, முகம் இறுகிப்போய் நிக்கறாங்க."

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்கள் திறந்தபடியே இருந்தன. நான் காத்திருந்தேன், எவ்வளவோ நேரம் கழித்து ஒரே ஒரு தடவை இமை மூடித் திறந்தது. தினமும் எதிரில் உட்கார்ந்து அவளுக்குச் சோறு ஊட்டியவள் நான். என் கண்ணில் படாதது, அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்த இவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போய் முகம் முகமாகப் பார்த்த கண் அது. அதையா நான் சந்தேகப்பட்டேன்?

சின்னம்மா எழுந்து அம்மாவிடம் போனாள். பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?" என்று கேட்டாள்.

பதில் வர வழக்கம்போல நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தத் தேய்ந்த குரலில் அம்மா சொன்னாள்:

"நா சிரிச்சிக்கினுதான்டீ இருந்தேன்."

சின்னம்மா ஓவென்று அழுதுவிட்டாள். நானும்தான். உள்ளே சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு வெளியே வர வழியில்லாமல் நின்றிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குக் கோபம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. மாத்திரைதான் காரணம் என்று நம்ப இடம் இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார். எந்த மாத்திரையையும் நாமாக வாங்குவதும் வேண்டாம், நாமாக நிறுத்துவதும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அண்ணனிடம் சண்டை போட்டு இல்லத்துப் பேச்சைத் தள்ளி வைத்தேன். பொங்கல் வந்தது, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். மாசி வாக்கில் நடையில் கொஞ்சம் வீச்சு வந்தது. ஒரு நாள் வேலூர் போகும் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அம்மா பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், உங்க மாமியாருக்குச் சொந்த ஊர் எது என்று கேட்பது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு அது பேஜாராக இருந்திருக்கலாம். எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது.

சித்திரையில் திரும்பவும் காட்டப் போனபோது சின்னம்மாவும் கூட வந்தாள். ஏதோ மலை ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த டாக்டரம்மா, வெயிலில் கறுத்துப்போய் இருந்தார். அம்மாவை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, பேனாவுக்குப் பதில் கேமராவை எடுத்தார். வெளியே வேப்ப மரத்தடியில் அக்காவையும் தங்கையையும் நிற்க வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தவர் அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கண்ண மூடிட்டேனா?" என்று அம்மா கவலையாகக் கேட்டாள்.

இன்னொன்று எடுக்கச் சொல்லிச் சின்னம்மா கெஞ்சினாள். டாக்டரம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். வாய் கொள்ளாத சிரிப்போடு இரண்டு கண்ணும் இறுக மூடிய அந்தப் படம்தான் இன்று எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதே படத்தின் பிரதி ஒன்று அவருடைய சுவரிலும், பனிமலைக் கிழவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றினால், கோபப்படுவதற்கு முன்னால், அவர்கள் கண் சிமிட்டுகிறார்களா என்றுதான் இப்போதெல்லாம் நான் முதலில் பார்க்கிறேன்.