தண்ணீர் வரும் துண்டு

கண்டியில் நாங்கள் குடியிருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். அங்கே ஒரு செடி கிடையாது. நகரத்தில் கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழும் வரிசை வீடுகளைத் தோட்டம் என்று சொல்வது அந்தக் காலத்து வழக்கம். அப்படி முதலில் பெயர் வைத்தவர் யாரோ, அவர் அங்கே குடியிருந்தவராக இருக்க முடியாது.

இந்தப் பெயரால் எங்கள் வீட்டில் முதலில் ஏமாந்தது அம்மா. அப்பாவுக்கு ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தபோது நாங்கள் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தோம். கண்டியில் ஒரு தோட்டத்தில் வீடு பார்த்திருப்பதாக அப்பா சொல்லியனுப்பினார். மலையில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்குத் தோட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான். அங்கேயும் பேர் பதிந்துகொண்டு வேலைக்கு இறங்கலாம் என்று எண்ணி, தன் கொழுந்துக் கூடையை மறக்காமல் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் எதிரும் புதிருமாக இரண்டு வரிசைக் கதவுகள், நடுவே சாக்கடை, பின்னால் நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்து ஓடும் கறுத்த வாய்க்கால். கூடையோடு நின்றவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, "கொழுந்து பறிக்கவா வந்தீங்க? இங்க மூட்டப்பூச்சிதான் பறிக்கலாம்" என்றாளாம். அந்தக் கூடையில் பிறகு என் தம்பி தூங்கினான்.

தோட்டத்து முகப்பில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. சரியாகச் சொன்னால், இடுப்பளவுக்கு ஓர் இரும்புத் தண்டு நின்றது. பழுதுபார்க்க வேண்டும் என்று அதன் மூக்கைக் கழற்றிக்கொண்டு போய், வாயை மூடியால் இறுக்கிவிட்டிருந்தார்கள். அந்தத் தண்டுக்குள் தண்ணீர் இருந்தது. காதை வைத்தால் சத்தம் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் முறைவைத்துக் கேட்போம். தண்ணீர் எடுப்பதற்கு ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவரை நடந்து, அங்கே இருந்த பொதுக்குழாயில் வரிசை நிற்க வேண்டும். விடியுமுன் குடத்தை வைத்து இடம் பிடிப்பது என் வேலை. வரிசை நீளும்போது இடுப்பில் கைக்குழந்தையோடு வருகிறவளுக்குக் கால் நோகும். அவளும் வாய்க்காலிலேயே மொண்டுகொண்டு போய்விடுவாள்.

தோட்டம் ஒரு பெரிய முதலாளிக்குச் சொந்தம். அதைப் போல வேறு தோட்டங்களும், கடைத்தெருவில் ஒரு கட்டடமும் அவருக்கு இருந்தன. அந்தக் கட்டடத்தில்தான் பைஸ்கோப் நடந்தது. அவரை நாங்கள் கண்டதில்லை. சனிக்கிழமைகளில் வாடகைக்கு வருவது அவருடைய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர், குடையும் கறுப்புக் கோட்டுமாக வருவார். பெண்கள் சூழ்ந்துகொண்டு குழாயைப் பற்றிக் கேட்பார்கள். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"ஓம் ஓம். ஓடர் வரவேணும். வந்தாப் போட்டுத்தாறன்."

அந்த வார்த்தையை நாங்கள் விளையாட்டாக்கிக்கொண்டோம். மாங்காயில் ஒரு கடி கேட்டால் "ஓடர் வரவேணும்" என்போம். ஓடர் என்றால் உத்தரவு என்று தெரியாமல், அது ரயிலில் வரும் ஏதோ ஒரு சாமான் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். நிலையத்தில் வேலை செய்யும் அப்பாவின் கண்ணில் அது ஏன் படவில்லை என்றும் யோசித்திருக்கிறேன்.

மழை தொடங்கியபோது தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வாய்க்கால் தண்ணீர் வாயில் படக்கூடாது, நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து நிறையக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அம்மா கிளாக்கரின் முன்னால் போய் நின்றாள். "ஐயா, புள்ளைக்குக் காய்ச்சலுங்க. அந்த மூக்க மட்டும் மாட்டிக் குடுத்துருங்க. நான் ஒரு கொடத்துக்கு மேல எடுக்க மாட்டேன்" என்றாள். கிளாக்கர் குடையை மடக்கிக்கொண்டே ஓடரைப் பற்றிச் சொன்னார். எங்கள் கதவோரம் குந்தியிருந்த மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. பைஸ்கோப்பில் கதை சொல்லும் வேலை அவருக்கு. படங்கள் ஊமைப்படங்களாக இருந்த காலம். திரையில் ஆட்கள் வாயசைப்பார்கள், இடையிடையே இங்கிலீஷில் எழுத்து வரும். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று, யார் என்ன பேசுகிறார் என்று மாமா தமிழில் சொல்வார். அவர் முடித்ததும் மறுபக்கம் நிற்கிறவர் சிங்களத்தில் சொல்வார். அதனால் எந்தச் சிரிப்பும் அந்தக் கொட்டகையில் இரண்டு தவணையாகத்தான் வரும். மாமா எவருடைய குரலையும் அப்படியே எடுப்பார். கள்ளன் பொலிஸ்காரனைப் போலவும், பொலிஸ்காரன் கள்ளனைப் போலவும் பேசுவது அவருடைய கைச்சரக்கு.

அந்தக் கிழமை முழுவதும் ஓடுவதற்கு வந்தது ஒரு சிரிப்புப் படம். ஏதோ ஒரு வெள்ளைக்கார நகரத்தில் ஏழைகள் வாழும் ஒரு சந்தினைப் பற்றியது. முந்தின நாள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மாமா வழக்கம்போல எங்களுக்கு நடித்துக் காட்டவில்லை. அம்மாவை மட்டும் வரச்சொன்னார்.

"காய்ச்சக்காரப் புள்ளைய வச்சுக்கிட்டு பைஸ்கோப்பா? நல்லா இருக்கு ஒன் பேச்சு."

"அவன மாமா பாத்துக்குவாரு. நீ வாக்கா. தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை. தம்பிக்கு அன்று சூடு கொஞ்சம் தணிந்திருந்தது. அப்பாவிடம் விட்டுவிட்டு மாலைக் காட்சிக்குப் போனோம்.

கொட்டகையில் முன்னால் தரை, நடுவில் வாங்குப் பலகை, பின்னால் சாய்மானமுள்ள கதிரை. தரை எங்களுக்கு. சம்பளம் வாங்கிக் கலஹாவிலிருந்து இறங்கி வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்களும் எங்களோடு இருந்தார்கள். கதிரைகளின் முதல் வரிசையில் முதலாளி தம் வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கிளாக்கர்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒடுங்கிய சந்து, உயர்ந்த சுவர்கள், கொடியில் கந்தல்கள். மாமா பிரம்பால் சுட்டிக்காட்டி, "இது ஒரு தோட்டம்" என்று தொடங்கினார்.

கலஹாக்காரர் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "தோட்டம்னு சொல்றீங்க, கொழுந்து எங்க தம்பி?" என்று உரக்கக் கேட்டார்.

"கொழுந்தையெல்லாம் கதிரையில இருக்கவங்க குடிச்சு முடிச்சிட்டாங்க, அண்ணே."

தரை சிரித்தது. சிங்களத்தில் சொன்ன பிறகு மறுபடி சிரித்தது. கதிரைகளும் சிரித்தன. அதுவரையில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

படத்தின் நாயகன் ஒரு குண்டு மனிதன், தலையில் பொருந்தாத குட்டித் தொப்பி. அந்தச் சந்தில் குடிவருகிறான். ஒரே கட்டிலில் ஆறேழு பேர் படுத்திருக்க, அவன் ஏறியதும் மறுபக்கம் ஒருவன் விழுகிறான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் நாங்கள் அதிகமாகச் சிரித்தோம். பிறகு சந்தின் தண்ணீர்க் குழாய் வந்தது. பெண்கள் குடங்களும் வாளிகளுமாக வரிசையில் நிற்கிறார்கள். உயரத் தொப்பி வைத்த ஓர் ஆள் வந்து குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறான். பெண்கள் அவனைச் சூழ்கிறார்கள். அவன் விரலை ஆட்டி ஏதோ சொல்கிறான்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"ஓம் ஓம். ஓடர் வரவேணும். வந்தாப் போட்டுத்தாறன்."

அதே இழுவை, அதே மூக்குச் சத்தம். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா எழுந்து, "கோட்டு கூடப் போட்டுருக்காருடி" என்றாள். பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பின்னால் திரும்பின.

முதலாளியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர். மாமாவின் தமிழ் அவருக்கு எட்டவில்லை. எதற்காக எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கிளாக்கரிடம் கேட்டிருக்க வேண்டும். கிளாக்கர் குனிந்து காதில் சொன்னார். தன் வார்த்தையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை ஒரு மனிதனுக்கு அடிக்கடி வருவதில்லை. என்ன சொன்னாரோ, முதலாளியின் முகம் நேராகியது.

மாமா நிறுத்தவில்லை. திரையில் ஒரு பெண் முன்னால் வந்து உயரத் தொப்பிக்காரனிடம் கையேந்தினாள். மாமா அம்மாவின் குரலில் பேசினார்.

"ஐயா, புள்ளைக்குக் காய்ச்சலுங்க. அந்த மூக்க மட்டும் மாட்டிக் குடுத்துருங்க. நான் ஒரு கொடத்துக்கு மேல எடுக்க மாட்டேன்."

தரையில் சத்தம் நின்றுவிட்டது. அதே நொடியில் திரையின் ஓரத்தில் குண்டு மனிதன் சேற்றில் வழுக்கி, காலை மேலே தூக்கிக்கொண்டு விழுந்தான். கதிரைகள் வெடித்துச் சிரித்தன. முதலாளி வீட்டுப் பெண்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் சேற்றைப் பார்த்துச் சிரித்தார்கள், வேறொன்றுமில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தங்களுக்கு வாடகை தரும் சந்தினைப் பார்ப்பதற்குக் கடல் கடந்து வந்த படம் வேண்டியிருந்தது அவர்களுக்கு. அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாளே மாமாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். படத்தை நிறுத்தவில்லை. நல்ல கூட்டம் வருகிற படம். ஒழுங்கீனத்துக்கு இடம் தருகிறது என்று குழாய்க் காட்சியை மட்டும் வெட்டச் சொல்லி முதலாளி உத்தரவு. அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கத்தரிக்கோலும் பசையும் போதுமாக இருந்தன. குழாயைப் பார்ப்பதற்கென்றே இரண்டாம் தரம் போன எங்கள் தோட்டத்துக்காரர்கள் வந்து சொன்னார்கள்: குண்டு மனிதன் வாளியோடு வீட்டை விட்டு இறங்குகிறானாம், அடுத்த கணம் ஒரு கலியாண வீட்டில் விருந்து சாப்பிடுகிறானாம்.

தம்பி அந்தக் கிழமை முடியுமுன் இறந்துபோனான். கூடை காலியாக மூலையில் இருந்தது. அம்மா அதை எடுக்கவும் விடவில்லை, பார்க்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாட்களில் தோட்டத்து முகப்பில் கிளாக்கர் வந்து நின்றார். கூடவே கருவிப் பையோடு ஒரு பைப்பு வேலைக்காரர். கிளாக்கர் இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"ஓடர் வந்திட்டுது."

தோட்டம் முழுவதும் குடத்தோடு ஓடியது. நானும் எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெண்கள் தாங்களாகவே வரிசையாகி, தள்ளாமல் நின்றார்கள். வேலைக்காரர் தெருவோரம் எதையோ திருகினார். தண்டில் காது வைத்திருந்த பையன் சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னான். பிறகு அவர் இரும்பறுக்கும் வாளை எடுத்து, இரும்புத் தண்டை நிலத்தோடு ஒட்ட அறுத்தார். உள்ளே மிஞ்சியிருந்த தண்ணீர் கொஞ்சம் பொங்கி மண்ணில் பரவியது. ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தார்கள். கிளாக்கர் எவர் முகத்தையும் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு போனார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மாமா கொழும்புக்குப் புறப்பட்ட காலையில் என்னைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிலிம் சுருளைத் தந்தார். மெஷின் ஓட்டுகிறவர் எடுத்துக் கொடுத்த வெட்டுத்துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல் நகமளவு சதுரங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் அதே பெண்கள், அதே குடங்கள். கடைசிச் சதுரம்வரை தேடினேன். வரிசை ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை.

"தண்ணி வர்ற துண்டு எங்க மாமா?"

அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அத எடுக்கவே இல்ல, புள்ள."

எடுப்பது என்றால் எனக்கு அப்போது வெட்டி எடுப்பதுதான். அதை மட்டும் யாரும் வெட்டவில்லை, படத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். எந்தக் கொட்டகையிலோ அந்தப் பெண்களின் குடங்கள் நிறைந்துகொண்டிருக்கும் என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடி, அம்மாவிடமும் சொன்னேன்.