கண்மாய்க்குள் கட்டிய வேன்

தோணியை விட்டு இறங்கிய இரண்டாம் வருடம் நாங்கள் ஒரு வேன் வாங்கினோம். எண்பதுகளின் தொடக்கம். அதற்கு முன் ரொட்டி ஏற்றிய வண்டி அது. எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏறியதும் உள்ளே பன் வாசனை வந்துவிடும். நாங்கள் என்றால் நான், என் மனைவி, அவள் தம்பி. நானும் மச்சினனும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே தோணியில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு கொண்டுபோனவர்கள். நான் தண்டல், தோணியை நடத்துகிறவன். பள்ளி இறுதி வரை படித்திருந்ததால் எழுத்து வேலையும் என்னுடையதுதான்.

கடைசிப் பயணத்தில், வடக்கிலிருந்து அடித்த வாடைக் காற்றில் தோணி மூழ்கிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த தோணி எங்களை எடுத்துக்கொண்டது. நான் வெகுநேரம் இறங்க மறுத்து, கடைசி ஆளாக ஏறினேன். பாய்மரத்தின் நுனி தண்ணீருக்குள் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வாடை எழுந்தால் நான் மறைவிடம் தேடுவேன்.

இத்தனை வருடம் கடலில் இருந்ததால் பார்க்காமல் விட்ட சொந்தங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் வேன் வாங்கிய காரணம். உள்ளே இரண்டு படுக்கைப் பலகை, ஒரு ஸ்டவ், தண்ணீர் டிரம். பாத்திரப் பலகைக்கும் படுக்கைக்கும் விளிம்புக் கட்டை அடித்திருந்தோம், உருண்டு விழாமல் இருக்க. விடிந்ததும் மச்சினன் வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவான். வண்டியை எங்கே நிறுத்தினாலும் தடித்த வடம் ஒன்றால் மரத்தில் கட்டிவிடுவான்.

குளத்தூரில் ஒரு டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, அவுத்துவிட்டா மேயப் போயிருமோ?"

"பழகுன கை அண்ணாச்சி. கட்டாட்டா ஒறக்கம் வராது" என்றான் மச்சினன்.

குளத்தூரில் எங்களோடு தோணியில் இருந்த நண்பர் உப்பளத்தில் வேலை பார்த்தார். வேனுக்குள் ஏறி, விளிம்புக் கட்டையைத் தடவிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த மனைவியின் அக்கா, "எங்க வீட்டுல எடமில்லன்னா வேன்ல படுக்கிய?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து மகள் வீட்டுக்கு. ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். தன் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று எழுதியிருந்தாள். "நான் கோயில்ல மொத மொதல்ல புதுநன்மை வாங்குனப்பவும் நீங்க கடல்ல. பத்தாம் வகுப்பு பாஸானப்பவும் கடல்ல. இதுக்காவது வந்துருங்க." பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தகப்பன் மச்சினன்தான். அந்த ஊரின் சின்ன மாதா கோயிலுக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். எட்டு மணிக்குப் பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் ஊருக்கு இரண்டு மைல் இருந்தது. கல்யாணத்தின்போது ஒரே ஒரு முறை பஸ்ஸில் வந்த ஊர். தெரியாத துறைக்குள் இருட்டில் நுழையாமல் வெளியே நின்று விடிந்ததும் போவது எங்கள் வழக்கம். வாடையும் எழுந்திருந்தது. நான் இடம் தேடினேன். ரோட்டோரம் ஒரு வறண்ட கண்மாய். அதன் வடக்குக் கரைக்குக் கீழே இறங்கினால் காற்றே இல்லை.

"மேட்டுலயே நிப்பாட்டுவமா அத்தான்?" என்றான் மச்சினன்.

"சொன்னதச் செய்யிலே."

கருவேல மரத்தில் வேனைக் கட்டினான். நாங்கள் படுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

விடிந்து பார்த்தால் சக்கரம் பாதிக்கு மேல் மண்ணுக்குள். நேற்றுப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரை, மாவு பிசைந்ததுபோல் இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் சேரத் தொடங்கியிருந்தது. ஆட்டுக்காரர் ஒருவர் சொல்லித் தேடி வந்த சம்பந்தி, கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஏன் சம்பந்தி, மேட்டுல ஊரு கெடக்க, இந்தப் பள்ளத்துல யாரு நிறுத்தச் சொன்னா?"

"வாடைக்கு மறைவா இருந்துச்சு."

"வாடை என்ன செய்யும்? துணியக் காயவைக்கும். இங்கன பயப்பட வேண்டியது தண்ணிக்குத்தான்! வாங்க, மணி ஏழு தாண்டிருச்சு."

மச்சினன் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பின் சக்கரத்தைத் தொட்டிருந்தது.

"நீங்க எல்லாரும் போங்க. நான் வண்டிகிட்ட நிக்கேன்."

என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னிய. முங்குனா முங்கட்டும். புள்ள வாசலப் பாத்துக்கிட்டு நிக்கும், வாங்க."

நான் வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் கரை ஏறினேன். அந்த இரண்டு மைலும் ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போனது. கரிசல் மண் அப்பியதைக் குச்சியால் சுரண்டுவோம், பத்தடியில் மறுபடி அதே கனம். மச்சினன் இரண்டு முறை விழுந்தான். ஞானத்தகப்பனின் வெள்ளைச் சட்டை முழங்கை வரை கறுப்பாகிவிட்டது.

பூசை முடிந்து, சாமியார் அடுத்த ஊருக்குக் கிளம்பச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் வாசலில் மகள், கையில் பிள்ளையோடு. என்னைப் பார்த்ததும், "யப்பா" என்றாள். பிறகு என் கால்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது.

சாமியார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "கால் கழுவ நேரமில்ல. அப்படியே உள்ள வாங்க."

தலையில் தண்ணீர் விழுந்ததும் பேரன் வீறிட்டான். "உப்பில்லாத தண்ணிதானலே, இதுக்கா அழுத?" என்று மச்சினன் மெல்லக் கேட்டான். சாமியாரே சிரித்துவிட்டார். வேன் ஞாபகம் அப்போதுதான் எனக்கு வந்தது. அதுவரை வரவே இல்லை.

மறுநாள் வெயில் அடித்தது. கண்மாயில் தண்ணீர் வேனின் படிக்கட்டோடு நின்றிருந்தது. சம்பந்தி இரண்டு சோடி மாடு கொண்டுவந்து, எங்கள் வடத்தையே கட்டி இழுத்தார். வண்டி மெதுவாக மேலே வந்தது. "இதுக்குத்தான் இம்புட்டுக் கயிறும் சுமந்துக்கிட்டு திரிஞ்சியளா?" என்றார்.

ஊரிலேயே மேடான இடம் அவருடைய களம். வேனை அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். நாலு பக்கமும் வெட்ட வெளி. மத்தியானம் மகள் பேரனைக் கொண்டுவந்து படுக்கைப் பலகையில், விளிம்புக் கட்டைக்குள் கிடத்தினாள். வாடை அடித்து வண்டி லேசாக ஆடியது. என் கை தானாகக் கட்டையைப் பிடித்தது. பேரன் தொட்டிலில் கிடப்பதுபோல் தூங்கினான்.

"எத்தன நாள் இருப்பிய?" என்று கேட்டாள் மகள்.

"மண்ணு காயட்டும்."

"அது காய பத்து நாளாவும்ப்பா. அதுக்குள்ள அடுத்த மழையும் வந்துரும்."

"வரட்டும்" என்றேன்.