அம்மா பார்த்த ஒரே கோல்

எண்பத்து மூன்றுக்கு அடுத்த வருஷம் எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி தோற்கவே இல்லை. ஊர்காவற்றுறைத் தீவில் இருந்து வெறுங்காலோடு போகிற பெடியள், சப்பாத்துப் போட்ட பட்டணத்துக் கல்லூரிகளை ஒவ்வொன்றாக வீழ்த்துவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எட்டு வயதான நான் மட்டும் எதிர்பார்த்தேன். வலது ஓரத்தில் ஆடியவர் என் அண்ணா.

எங்கள் மைதானம் கடலோரத்தில் இருந்தது. சோளகக் காற்று வீசத் தொடங்கினால், உயர உதைத்த பந்து எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவின் வள்ளத்தில் பாய் இழுத்துப் பழகிய அண்ணாவுக்கு அது தெரியும். மைதான மூலையில் இருந்து கோணர் அடிக்கப் போனால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். பிறகு கோலுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் வானத்தைப் பார்த்து உதைப்பார். பந்து போகும், நின்று யோசிப்பதுபோல் இருக்கும், பிறகு வளைந்து திரும்பி, யாருடைய தலையிலும் படாமல் கோலுக்குள் இறங்கும். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது என் உடம்பில் ஓடும் சிலிர்ப்பு அப்போதும் ஓடும். இரண்டும் ஒரே வகை அற்புதம் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

அணி மீன் லொறியில்தான் பட்டணம் போகும். இறங்கும்போது அங்கத்தைய பெடியள் மூக்கைப் பொத்துவார்களாம். திரும்பி ஏறும்போது பொத்துவதில்லையாம்.

அம்மா ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார். மெழுகுதிரி கொளுத்தி, அந்தோனியார் முன்னால் முழந்தாளில் நிற்பார். பக்கத்தில் நானும் நின்று, எத்தனை கோல் வேண்டும் என்று கணக்காகக் கேட்பேன். மூன்று கேட்டால் குறைந்தது இரண்டு கிடைத்தது. மாலையில் லொறியின் கோர்ண் சத்தம் கேட்டதும் ஒழுங்கைக்கு ஓடுவேன்.

"அம்மா, வெண்டிட்டினம்!"

"ஓம் பிள்ளை. பின்னையும் வெண்டிட்டினம்."

தந்தி வாசிப்பவரைப்போலச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைப்பார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

அரையிறுதிக்கு முன் பின்வரிசையில் ஆடிய ஒரு பெடியனைக் காணவில்லை. ஆமிக்காரர் பஸ்ஸில் இருந்து இறக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் மெல்லக் கதைத்தார்கள். எனக்குச் சொன்னது காலில் அடி என்று. அவருடைய காலுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அந்த ஆட்டத்திலும் வென்றோம்.

இறுதி ஆட்டம் இரண்டு தரம் தள்ளிப்போனது. பாதை மூடியிருந்ததாம். இந்த நாட்களில் பட்டணத்தில் இருந்து ஒருவர் வந்து அம்மாவோடு குரலைத் தாழ்த்திக் கதைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் வாக்குவாதம் வரும்.

"பைனல் முடியட்டும் அம்மா. பெடியளை விட்டிட்டு என்னெண்டு போறது?"

"உன்னோட போறவங்கள் உனக்காக நிப்பாங்களோ?"

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் எங்கோ சுற்றுலாப் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். என்னையும் கூட்டிப்போவார்களா என்று கேட்க வெட்கமாக இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு அம்மாவும் வந்தார். திருநாளுக்குக் கட்டும் சேலை. கையில் மண்ணிற உடுப்புப் பை. லொறியின் முன்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டே பட்டணம் வரை வந்தார்.

அப்படியொரு சனத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. மதிலில் சனம், மரத்தில் சனம். இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் களைத்தும் கோல் விழவில்லை. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா சொன்னார்:

"சமனா முடிஞ்சால் வாற சனி திருப்பி விளையாட வேணும்."

அம்மா அவருடைய கையைப் பிடித்தார். "வாற சனியோ? அவனோட போறவங்கள் இண்டைக்கெல்லோ மெயில் ரெயினில போறாங்கள்!"

அப்போதுதான் எங்களுக்குக் கோணர் கிடைத்தது. அண்ணா பந்தை வைத்துவிட்டு நின்றார். அது பட்டணம், கடல் தூரத்தில். காற்றே இல்லைப்போல இருந்தது. அவர் தலையைச் சாய்த்தார். மைதானம் முழுவதும் அவரோடு சேர்ந்து கேட்பதுபோல அமைதியாகியது. பிறகு உதைத்தார். பந்து மதிலுக்கு மேலாகப் போய்விடும்போல எழும்பியது, தயங்கியது, வளைந்தது. கோல்காப்பாளர் கையை நீட்டியபடி நிற்க, அவருக்குப் பின்னால் வலை அசைந்தது.

அம்மா துள்ளி எழும்பினார். சேலைத் தலைப்பு விழுந்தது தெரியாமல் இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினார்.

"முடிஞ்சுது! அந்தோனியாரே, முடிஞ்சுது!"

என் அம்மாவுக்கு இப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அண்ணாவின் கோலைவிட அதுதான் என்னை வாய்பிளக்க வைத்தது.

விசில் ஊதியதும் அண்ணா எங்களிடம் ஓடி வந்தார். அம்மா தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்தார். அண்ணா லொறிக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றினார். பையை வாங்கினார். என் தலையைப் பிடித்து ஆட்டி, "கப்பை வடிவாப் பார், பிள்ளை" என்றார். காத்திருந்த காரில் ஏறிவிட்டார். கப்பை வேறு யாரோ வாங்கினார்கள்.

"அண்ணா எங்கை?"

"முன்னுக்குப் போட்டான்" என்றார் அப்பா.

வீட்டுக்குத்தான் முன்னுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து, லொறி நிற்கமுன் குதித்து ஓடினேன். நாங்கள் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது.

பல வருஷம் கழித்து ஜெர்மனியில் இருந்து தொலைபேசியில் அண்ணா சொன்னார். அணி போட்டியில் இருந்து வெளியேறும் அன்றே நாட்டைவிட்டுப் புறப்படுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அதனால் அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும், நாங்கள் தோற்கவேண்டும் என்றே மன்றாடியிருக்கிறார். ஒவ்வொரு வெற்றியும் மகனை இன்னும் இரண்டு கிழமை தீவில் வைத்திருந்தது. பக்கத்தில் நின்ற நானோ கோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது தெரியாமல், அடுத்த வருஷம் முதல் ஆட்டத்தன்று அம்மாவைக் கூப்பிட்டேன். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், "நான் வரேல்லை, நீ போ" என்றார்.

"ஏனம்மா? போன வருஷம் எல்லாரையும்விட நீங்கள்தானே கூடச் சந்தோஷப்பட்டனீங்கள்!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கழுவி வைத்த மீனையே எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார். எனக்கு ஒரே கோபமாக வந்தது.