மொட்டைக் காரில் ஆனைக்கரைக்கு

'காலை 4.35 வேலந்தாவளம். 5.20 பொள்ளாச்சி, நிற்க வேண்டாம். 6.00 உடுமலை, தூங்கினால் எழுப்ப வேண்டாம். 6.40 பழனிக்கு முன்னால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி மறக்காதே.' இது எங்கள் மாமனார் தன் கைப்பட எழுதிய பயணத் தாள். பாலக்காட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர் அவர். ஸ்டாண்டு நடுவில் விசிலும் கடிகாரமுமாக நின்று, ஒரு நிமிடம் பிந்திய டிரைவரையும் ஒரு நிமிடம் முந்திய டிரைவரையும் ஒரே மாதிரித் திட்டியவர். ரிட்டயரான பிறகு திட்டுவதற்கு பஸ் இல்லாததால் எங்களைத் திட்டினார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. தாலுகா ஆபீஸில் என் மேசை இழுப்பறையில் இந்தத் தாள் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. போனவரை நினைத்துச் சிரிக்கலாமா என்று யாராவது கேட்டால், அவரை வேறெப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தென்னந்தோப்பின் ஓரமாக ரோடு அகலமானபோது கொஞ்சம் நிலம் போனது. அதற்குக் கிடைத்த பணத்தில் மாமா ஒரு கார் வாங்கினார். கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளியின் ஷெட்டில் வருடக் கணக்காகத் தார்ப்பாய் மூடிக் கிடந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. வெற்றிலைப் பச்சை நிறம், நீண்ட மூக்கு, தரையோடு தரையாக உட்காரும் சீட்டு. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னாலிருந்து கித்தானை இழுத்து, பட்டன் பட்டனாக மாட்ட வேண்டும். ஊரில் எல்லோரும் அதை மொட்டைக் கார் என்றார்கள். அறுபது வயதுக்கு மேல் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன், வாய்விட்டும் கேட்டேன். "ஆசை இல்லையா பின்னே? ஸ்டாண்டுல நின்னு அடுத்தவன் வண்டிக்கே விசிலடிச்சிட்டிருந்தவன் அம்மிணி நானு" என்று சிரித்தார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காத்து வந்தா அவளுக்கு வாந்தி வராதான்னு பாக்கோணும்" என்றார்.

அவள் என்றது என் மாமியாரை. அத்தைக்குக் காரில் ஏறினால் வாந்தி. சாதாரண வாந்தி இல்லை. பொள்ளாச்சி போவதற்குள் நாலு தடவை வண்டியை நிறுத்த வேண்டும். மடியில் எலுமிச்சம்பழம், வாயில் புளி, கையில் பாலித்தீன் பை, வயிற்றில் மடித்துக் கட்டிய செய்தித்தாள் என்று யார் என்ன சொன்னாலும் செய்து பார்த்தாயிற்று. கல்யாணம் கருமாதி எதுவானாலும் முதல் நாளே போய்ப் படுத்துக்கொள்வார். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் நுழையும்போதே முகம் வெளுக்கும். பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது தடவை பாவமாக இருக்கும், பத்தாவது தடவை சலிப்பாக இருக்கும். எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சலிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. என் நாத்தனார், அதாவது மாமாவின் ஒரே மகள், குமுளியில் ஒரு ஓட்டலில் வேலைக்குப் போனாள். அங்கே ஜீப் ஓட்டும் ஒருவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பம் அவர்களுடையது. கல்யாணம் எங்கள் ஊரான வேலந்தாவளத்திலேயே நடந்தது. அத்தை அன்று கொஞ்சம் அழுதார். ஒரே பெண்ணை மலைக்கு அனுப்பும் தாய் அழத்தான் செய்வாள், ஆனால் நாத்தனார் அந்த அழுகையை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். மறுவீட்டுக்குக் கிளம்பிய அத்தை தேனியோடு இறங்கித் திரும்பிவிட்டதும் அவளுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. வருடா வருடம் பொங்கலுக்கு அவள்தான் வருவாள். போகும்போது, "உனக்கு என் ஊட்டுப் படி மிதிக்க மனசில்லைன்னு சொல்லீரும்மா, வாந்தி கீந்தின்னு எதுக்கு?" என்பாள். அத்தை அவள் பையில் இன்னும் இரண்டு தேங்காய் வைப்பார். ஏழு வருடம் இப்படிப் போனது. பிறகு குமுளி தாண்டி ஆனைக்கரையில் ஏலத் தோட்டங்களுக்கு நடுவே நாலு சென்ட் வாங்கி நாத்தனார் வீடு கட்ட ஆரம்பித்தாள். பால் காய்ச்சும்போது பானையை அடுப்பில் ஏற்ற அம்மா வர வேண்டும், இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அவளும் டைம் கீப்பர் மகள்தானே.

மாமா திட்டம் போட ஆரம்பித்தார். நீளப் பயணத்தைச் சுகமாகச் செய்வது எப்படி என்று அவர் யோசித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஸ்பீடு நாற்பதுக்குக் கீழே போனால் லாரிப் புகை மூக்கில் ஏறும், ஐம்பத்தைந்துக்கு மேலே போனால் காற்று காதில் இரையும், அதனால் இடையில்தான் ஓட்ட வேண்டும். கதவுக் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டால் காற்று தலைக்கு மேலேயே போய்விடும் என்பதைத் தோப்பு வழியில் நூல் கட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஒட்டன்சத்திரம் தாண்டித் தெற்கே திரும்பியதும் வெயில் இடது பக்கம் விழும், அத்தை உட்காருவதும் அந்தப் பக்கம்தான், ஆகவே அங்கே கித்தானைப் பாதி இழுத்துக்கொள்ள வேண்டும். வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடுகிற நாளும் அதற்கு முந்தின நாளும் ரோட்டில் இறங்கவே கூடாது. மாடு ஏற்றிய லாரிக்குப் பின்னால் கூரை இல்லாத காரில் ஒரு தடவை போனவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மாமா ஒரு தடவை போயிருந்தார். மலையில் குரங்கு உண்டு, வாழைப்பழம் வேண்டாம். குமுளியில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும், பன்னிரண்டு மணிக்குள் மேலே ஏறிவிட வேண்டும். எண்ணெய் இல்லாத இட்லி, மிளகு போட்ட மோர். இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தார். பஸ்ஸில் தனியாகக் கம்பம் வரை போய், வழியில் எந்தெந்தப் பெட்ரோல் பங்கில் பெண்கள் கக்கூஸ் சுத்தமாக இருக்கிறது என்று இறங்கி இறங்கி விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தார். "ஒரு ஆம்பள போய் இதையெல்லாம் கேட்டா அடிக்க மாட்டாங்களா மாமா?" என்றேன். "ஒருத்தன் அடிக்கத்தான் வந்தான். விசயத்தச் சொன்னேன், டீ வாங்கிக் குடுத்தான்" என்றார்.

ஒத்திகைக்குப் பழனி வரை போனார்கள். அத்தை தலையில் தேங்காய்ப்பூத் துண்டைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து போய், உட்கார்ந்தபடியே திரும்பி வந்தார். ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. வழியில் இட்லி சாப்பிட்டேன் என்று அத்தை சொன்னதை மாமா ஊர் முழுக்கச் சொன்னார். வீடு முடிவதற்கு முன் ஒரு எட்டுப் பார்த்துவர அடுத்த மாதமே ஆனைக்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். கம்பம் வரை எல்லாம் தாளில் எழுதியபடி நடந்தது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினார்கள். நாலாவது வளைவில் அத்தை "நிறுத்துங்க" என்றார். அதற்குப் பிறகு நிறுத்தாத வளைவு இல்லை. வண்டி வளைகிறபோது காற்றென்ன, கூரையென்ன, ஒன்றும் உதவவில்லை. கடைசியில் அத்தை ஒரு பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, மேலேயும் வேண்டாம் கீழேயும் வேண்டாம், இங்கேயே விட்டுவிடுங்கள் என்று அழுதிருக்கிறார். நாத்தனார் கோழிக்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். மாமா போன் செய்து திரும்பிப் போவதாகச் சொன்னதும் போனை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த மாமா வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார். "எல்லாம் மனசுதான். மனசுல தைரியமில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அத்தை பக்கத்து அறையில்தான் இருந்தார். எனக்கு அப்போது மாமாமேல் பொல்லாத கோபம் வந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, அத்தை வழக்கம்போலப் பால் கேனை மொபெட்டில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டு வந்தார். வண்டியை நிறுத்தியவர் அதைப் பிடித்தபடியே நின்றார். "ஏனுங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். "இருவது வருசமா இந்தக் குண்டுக் குழியில வளைச்சு வளைச்சுப் போறேன். இதுல ஒரு நாளும் எனக்கு வாந்தி வந்ததில்லீங்களே. அடுத்தவிங்க ஓட்ட நான் ஒக்காந்து வந்தாத்தான ஆகுது?" தினமும் எங்கள் கண் முன்னால் நடந்தது இது. நிமிடம் தவறாமல் எல்லாவற்றையும் கவனிக்கிற மாமா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனிக்கவில்லை, அத்தையே கவனிக்கவில்லை. மாமா மொபெட்டை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தார். பிறகு போய்த் தார்ப்பாயை எடுத்தார்.

ஐம்பத்தெட்டு வயதில் அத்தை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். எங்கள் பக்கம் கேரளா, லைசென்ஸ் என்றால் இங்கிலீஷ் எழுத்து எச் போட வேண்டும். கம்பி நட்ட வளைவுக்குள் முன்னும் பின்னுமாக வண்டியை நிறுத்தாமல் எடுத்து வர வேண்டும். முதல் தடவை அத்தை ஒரு கம்பியைச் சாய்த்துவிட்டார், தோல்வி. அன்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் தோப்புக்குள் போனால் தென்னை மட்டைகளை எச் மாதிரியே நட்டு வைத்திருந்தார் மாமா. விசிலைத் தேடி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அத்தை மட்டையைத் தொட்டால் விசில். "ஏனுங்க, அந்த விசில எடுத்துத் தூரப் போடுங்க, இல்லாட்டி நான் ஊட்டுக்குப் போறேன்" என்று அத்தை காருக்குள்ளிருந்து சத்தம் போட்டார். இந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவர் மாமாவை அதட்டிக் கேட்டது அன்றுதான். மாமா விசிலைச் சட்டைப் பையில் போட்டார். அடுத்த டெஸ்டில் அத்தை ஜெயித்தார். வளைவு பழக வேண்டும் என்று அதற்கப்புறம் மாமா, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரை நெல்லியாம்பதி மலையில் பாதி தூரம் ஏற வைத்தார், தான் அடிவாரத்து டீக்கடையில் காத்திருந்தார். பயந்து பயந்து மெதுவாக ஏறிய அத்தையின் வயிறு ஒரு சொல் பேசவில்லை.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், விடிவதற்கு முன் கிளம்பினோம். மொட்டைக் காரில் ஒரு பைக்கு மேல் இடமில்லை என்பதால் சீர் சாமான்களோடு நானும் என் கணவரும் எங்கள் காரில் பின்னால் போனோம். அத்தை ஸ்டியரிங்கில். மாமா இடது சீட்டில். மனைவிக்கென்று அவர் தைத்த இடுப்புத் தலையணை, அவர் இழுத்துவிடும் அரைக் கித்தான், அவர் விசாரித்து வைத்த பங்குகள், எல்லாச் சுகமும் அவருக்கே ஆயிற்று. சொந்தக் காரை மலை ஏற்ற வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பார்! அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வலது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலையில் அத்தை முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக் கூப்பாடு போட்டன. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாவது வளைவில் பச்சைக் காரின் இடது பக்கமாக ஒரு தலை வெளியே நீண்டதைப் பார்த்தோம். "அப்பாவா அது?" என்றார் என் கணவர். மாமாதான். பஸ் ஸ்டாண்டில் ஊன்றி நின்றே வாழ்ந்த மனிதருக்கு வளைவில் இடது சீட்டு எப்படி இருக்கும் என்று தெரியாது போலும். அதற்குப் பிறகு குமுளி வரை நாலு தடவை, குமுளியிலிருந்து ஆனைக்கரைக்குள் இரண்டு தடவை அத்தை வண்டியை ஓரம் கட்டினார். ஒவ்வொரு தடவையும் இறங்கிச் சுற்றி வந்து, மாமாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாத்தனார் புது வீட்டு வாசலில் நின்றிருந்தாள். மலைக்காரர்களுக்கு இந்த வளைவெல்லாம் தாலாட்டு. வாந்தி என்றால் சிரிக்கிற ஊர் அது, அவளும் ஏழு வருடத்தில் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள். முதலில் அம்மா ஸ்டியரிங்கிலிருந்து இறங்குவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். மருமகன் ஓடிவந்து, "மாமா, சட்டுன்னு எந்திரிச்சிராதிய, பைய வாங்க" என்று தோள் கொடுத்துத்தான் மாமாவை இறக்க வேண்டியிருந்தது. சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. சுண்ணாம்பு வாசம் போகாத அந்த வீட்டின் முன்னறையில், சாமி படம்கூட மாட்டாத அறையில், வெறும் தரையில் மாமா மல்லாந்து படுத்துவிட்டார். புதுமனையில் முதலில் படுத்தவர் அவர்தான். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சை நீவிவிட்டாள். அப்பா இப்படிக் கிடந்து அவள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "ஒவ்வொரு தடவையும் இப்புடித்தாம்மா இருந்துச்சா உனக்கு?" என்று கேட்டாள்.

அத்தை பதில் சொல்வதற்குள் மாமா கண்ணைத் திறக்காமலே பேசினார். "உன்னைய மட்டும் சொல்லக் கூடாது கண்ணு. அவ வாந்தின்னு சொன்னப்பல்லாம் நானும் பாதி நடிப்புன்னுதான் நெனச்சேன். இத்தன வருசமும். வெளிய சொல்லுல, அவ்வளவுதான்."

அத்தை கையில் மிளகு மோர் டம்ளரோடு நின்றிருந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன், அல்லது தோப்பில் அதட்டிய மாதிரி அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மாமாவின் தலைக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார். "குடிங்க."

மாமா குடித்தார். டம்ளர் காலியாகும் வரை அத்தை கையை எடுக்கவில்லை. நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து, இது சமையலறை, இது நாங்கள் படுக்கிற அறை என்று ஒவ்வொரு வாசலாகக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி அறைக் கதவைத் திறந்ததும் அவள் குரல் எங்களுக்கு வெளியே கேட்டது. "இது உனக்குன்னு கட்டுனதும்மா" என்றாள்.